இறால் ஓட்டுப் பூச்சு எலும்புக்குள் ஒட்டி நிற்குமா?

வாசகர் கேள்வி, தூத்துக்குடியிலிருந்து (6 ஆகஸ்ட் 2023)

எங்க ஊர் இறால் கம்பெனிகள்ல ஓடு டன் கணக்கா வீணாப் போகுது. அதுல இருந்து எடுக்கிற கைட்டோசான் கிருமியைக் கொல்லும், உடம்புக்கு ஒத்துக்கும், எலும்பு வளரவும் உதவும்னு படிச்சேன். அப்போ கால் ஒடிஞ்சவங்களுக்கு வைக்கிற பிளேட், ஸ்க்ரூ மேல இதைப் பூசிட்டா சீழ் பிடிக்கிற பேச்சே இருக்காதே? இவ்வளவு சுலபமான விஷயத்தை ஏன் இன்னும் செய்யல? யாரோ வேணும்னே அமுக்கி வெச்சிருக்காங்கன்னு தோணுது.

6 ஆகஸ்ட், இரவு

யாரும் அமுக்கி வைக்கவில்லை. உலோகத்தின் மேல் கைட்டோசான் பூசுவதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் மலை மாதிரி குவிந்து கிடக்கின்றன. அந்த மலையில் என் கூடை மண்ணும் உண்டு. நாலு வருஷம் 316எல் என்ற, உடம்புக்குள் வைக்கும் வகை எஃகுத் துண்டுகளில் இதைப் பூசுவதுதான் எனக்கு வேலை. பூசுவது ஒரு மத்தியான வேலை. பூசியதை நிற்க வைப்பதில்தான் நாலு வருஷமும் போனது.

நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

7 ஆகஸ்ட்

முதலில் எப்படிப் பூசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

கைட்டோசான் வெறும் தண்ணீரில் கரையாது. 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில், அதாவது கடையில் வாங்கும் வினிகரை விட நாலைந்து மடங்கு மெலிந்த புளிப்பில், ராத்திரி முழுக்க ஸ்டிரரில் சுழல விட்டால் காலையில் வடித்த கஞ்சி மாதிரி கொழகொழவென்று இருக்கும். அமிலத்தில் அதன் நைட்ரஜன் உள்ள அமைன் தொகுதிகள் புரோட்டானைப் பிடித்துக்கொண்டு நேர்மின்னூட்டம் பெறுகின்றன. எஃகுத் துண்டை எதிர்மின்வாயில் மாட்டி, 10 வோல்ட் கொடுத்து, 5 நிமிஷம் விட வேண்டும். தகட்டை ஒட்டி தண்ணீர் உடைந்து ஹைட்ரஜன் குமிழி கிளம்பும், ஹைட்ராக்சைடு அங்கேயே தங்கும். அந்த மெல்லிய அடுக்கில் மட்டும் பிஎச் ஏறும், அதாவது புளிப்பு குறையும். அது 6.5-ஐத் தாண்டியதும் கைட்டோசான் மின்னூட்டத்தை இழந்து, கரைந்திருக்க வழியில்லாமல் தகட்டின் மேலேயே படியும். வெளியே எடுத்தால் ஆறிய பாலில் ஏடு கட்டிய மாதிரி இருக்கும். அந்தக் காட்சி எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை.

ஹைட்ரஜன் குமிழிதான் இடைஞ்சல். காய்ந்த பிறகு பார்த்தால் ஏடு முழுக்க ஊசிக்குத்து மாதிரி ஓட்டை. கரைசலில் கொஞ்சம் எத்தனால் சேர்த்தால் குமிழி குறையும். கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டையும் இதே மாதிரி பூசலாம்.

7 ஆகஸ்ட், மாலை

இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தப் பிளேட் வைத்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான பயம். ஆனால் இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் அதன் சதையில் இருக்கும் டிரோப்போமயோசின் என்ற புரதம். ஓட்டிலிருந்து கைட்டோசானின் மூலப்பொருளான கைட்டின் எடுக்கும்போது காரத்தில் வேகவைத்துப் புரதத்தைக் கழற்றிவிடுவார்கள். ஒழுங்காகக் கழற்றினார்களா என்பதைத்தான் கேட்க வேண்டும். காளான் வகைப் பூஞ்சையிலிருந்து எடுத்த கைட்டோசானும் விற்பனைக்கு உண்டு. சொல்லப்போனால் 1811-ல் பிரான்சில் பிராக்கொனோ கைட்டினை முதலில் பிரித்தெடுத்ததே காளானிலிருந்துதான், இறாலிலிருந்து இல்லை.

9 ஆகஸ்ட்

ஆட்டெலும்பு விஷயம். இதைச் சொல்லத்தான் இந்த இழையில் எழுதவே ஆரம்பித்தேன்.

மூணாம் வருஷம் வரைக்கும் என் சோதனையெல்லாம் சதுரத் துண்டுகளில்தான். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர், எமரி ஷீட்டில் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, பூசி, காயவைத்து, பிளேடால் கட்டம் போட்டுக் கீறி, டேப் ஒட்டிப் பிய்ப்போம். கட்டங்கள் உரியாமல் இருந்தால் பூச்சு நல்ல பூச்சு. என்னுடையது உரியவில்லை. சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு நாள் எலும்பு டாக்டர் ஒருவர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தார். துண்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்க்ரூவில் பூசி எலும்பில் முறுக்கிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கறிக்கடையில் தொடை எலும்பை வெட்டாமல் முழுசாகக் கேட்டு வாங்கினேன். 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 2.5 மில்லிமீட்டர் துளை போட்டு, கருவியால் மரை வெட்டி, பூசிய ஸ்க்ரூவைக் கையாலேயே முறுக்கினேன். பாதி தூரம் போகும்போதே துளையின் வாயில் வெளேரென்று ஏதோ சுருண்டு வந்தது. தொட்டுப் பார்த்தால் வெங்காயத் தோலின் உள்சவ்வு மாதிரி இருந்தது. என் பூச்சுதான். ஸ்க்ரூவைக் கழற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது மரையின் முகடுகளில் எஃகு பளபளவென்று தெரிந்தது, எமரிக் கோடுகள் உட்பட.

டேப் மேலே இழுக்கிறது. எலும்பு பக்கவாட்டில் சுரண்டுகிறது. அதுவும் ரத்தத்தில் நனைத்துக்கொண்டே சுரண்டுகிறது. காய்ந்த தகட்டில் டேப் ஒட்டி ஜெயித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கேள்வி கேட்ட தூத்துக்குடி நண்பருக்கு என் முதல் பதில் இதுதான்.

10 ஆகஸ்ட்

திருத்தம். 7-ம் தேதி குறிப்பில் ஆல்ஜினேட்டையும் "இதே மாதிரி" பூசலாம் என்று எழுதிவிட்டேன். தவறு. ஆல்ஜினேட்டுக்கு எதிர்மின்னூட்டம். அது நேர்மின்வாயில்தான் படியும். அங்கே பிஎச் இறங்குவதால் ஆல்ஜினிக் அமிலக் கூழாகத் திரளும். இதில் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. 316எல் எஃகை நேர்மின்வாயில் மாட்டினால் எஃகே கரையத் தொடங்கும். இரும்பு, குரோமியம், நிக்கல் அயனிகள் பூச்சுக்குள்ளேயே போய் உட்காரும். நிக்கல் வெளியே வராமல் தடுக்கப் பூசுகிற பூச்சில் நாமே நிக்கலைப் பிசைந்து வைத்த கதை ஆகிவிடும். டைட்டானியத்தில் அந்தத் தொல்லை கிடையாது, நேர்மின்வாயில் மாட்டினால் அதன் ஆக்சைடு படலம் இன்னும் கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி.

13 ஆகஸ்ட்

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். இங்கேயே சொல்கிறேன்.

அம்மாவுக்கு 2011-ல் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பிளேட் வைத்தார்கள், எட்டு ஸ்க்ரூ. ஏழு மாசம் நன்றாக இருந்தது. பிறகு தழும்பு ஓரத்தில் சின்னக் கொப்புளம், அதிலிருந்து நீர், அப்புறம் சீழ். மாத்திரை சாப்பிட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். இப்படி மூன்று மாசம். கடைசியில் திறந்து, கழுவி, எல்லாவற்றையும் கழற்றினார்கள். கழற்றியதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நன்றாகக் கழுவி, சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் இன்னும் வைத்திருக்கிறேன். பிளேட் மேல்பக்கம் புதுசு மாதிரி இருக்கும். இரண்டு ஸ்க்ரூவின் தலைக்கு அடியில், பிளேட்டில் உட்காரும் இடத்தில் மட்டும், பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். இடுக்கு அரிப்பு. ஆக்சிஜன் போகாத இடுக்கில் குளோரைடு சேர்ந்து, எஃகைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தை உடைத்துவிடுகிறது. ஒவ்வொரு அடி நடக்கும்போதும் ஸ்க்ரூ தலையும் பிளேட்டும் நூலிழை அளவு உரசுவதால் படலம் மறுபடி கட்டவும் நேரம் கிடைப்பதில்லை.

வளையத்துக்கும் சீழுக்கும் நேரடித் தொடர்பு என்று நான் சொல்ல மாட்டேன். கிருமி வேறு கணக்கு. எலும்பு அறுவை மருத்துவர் ஆண்டனி கிரிஸ்டினா 1987-ல் 'சயின்ஸ்' இதழில் இதை ஒரு பந்தயமாக எழுதினார். உள்ளே வைத்த பொருளின் மேற்பரப்பை யார் முதலில் பிடிப்பது, உடம்பின் செல்களா, பாக்டீரியாவா? பாக்டீரியா முதலில் உட்கார்ந்து தன்னைச் சுற்றிக் கொழகொழப்பான கூட்டைக் கட்டிவிட்டால் மருந்து உள்ளே போய்ச் சேருவது மிகக் கடினம். அம்மாவுக்கு மாத்திரை அடக்கி அடக்கித் திரும்பியது அதனால்தான். இதைப் படித்த அன்றைக்கே என் தலைப்பு முடிவாகிவிட்டது.

14 ஆகஸ்ட்

அம்மா நன்றாக நடக்கிறார், கேட்ட எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். மழைக்காலத்தில் மட்டும் வலிக்கும் என்கிறார்.

20 ஆகஸ்ட்

"கிருமியைக் கொல்லும்" என்ற பகுதிக்கு வருகிறேன். கைட்டோசான் கிருமியைக் கொல்வது முக்கியமாக அதன் நேர்மின்னூட்டத்தால். பாக்டீரியாவின் வெளிச்சுவர் எதிர்மின்னூட்டம் கொண்டது, அதில் போய் ஒட்டிக் குலைக்கிறது. ஆனால் அந்த மின்னூட்டம் அமிலத்தில்தான் முழுசாக இருக்கும் என்று மேலே எழுதியிருக்கிறேனே. உடம்பின் பிஎச் 7.4. அங்கே பெரும்பாலான அமைன்கள் மின்னூட்டம் இல்லாமல்தான் இருக்கும்.

கிருமி வளர்க்கும் அகார் தட்டில் கைட்டோசான் சுற்றி வட்டமாகக் கிருமி செத்திருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படி ஒரு படம் எடுத்தேன். பிறகு சந்தேகம் வந்து, கைட்டோசான் இல்லாமல் வெறும் 1 சதவீத அசிட்டிக் அமிலத்தை மட்டும் வைத்துப் பார்த்தேன். அதற்கும் வட்டம் வந்தது, கொஞ்சம் சின்னதாக. அன்றிலிருந்து இந்த மாதிரி படம் எங்கே பார்த்தாலும் முதலில் தேடுவது அமிலம் மட்டும் வைத்த தட்டைத்தான். பூச்சைக் காரத்தில் நனைத்து, நடுநிலையாக்கி, கழுவி, அப்புறம் சோதித்தால் வருவதுதான் நம்பக்கூடிய கணக்கு. பாதிக்கு மேல் குறைந்துபோகும்.

21 ஆகஸ்ட்

"இயற்கை" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டிலிருந்து எடுப்பது என்றால் முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும், பொங்கிக்கொண்டு நுரைக்கும். அடுத்து காரத்தில் புரதத்தை நீக்க வேண்டும். கடைசியில் 40, 50 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் கொதிநிலைக்கு அருகில் மணிக்கணக்கில் வேகவைத்தால்தான் கைட்டின் கைட்டோசான் ஆகும். எவ்வளவு நேரம் வேகவைத்தார்கள், எந்தப் பருவத்து இறால், ஓடு எத்தனை நாள் வெயிலில் கிடந்தது, எல்லாம் கைட்டோசான் மூலக்கூறுச் சங்கிலியின் நீளத்தை மாற்றும், எத்தனை அமைன் விடுபடுகிறது என்பதையும் மாற்றும். அமைன் நிறைய விடுபட்டிருந்தால் உடம்பில் இருக்கும் லைசோசைம் என்ற நொதி அதை மெதுவாகக் கரைக்கும், குறைவாக இருந்தால் சீக்கிரம் கரைக்கும். என்னிடம் இருந்த இரண்டு பாட்டில்களுக்கும் ஒரே லேபிள்தான். ஒரே செய்முறையில் ஒன்று ஏடாகப் படிந்தது, இன்னொன்று திட்டுத்திட்டாக. டைட்டானியக் கம்பிக்கு இந்தக் கவலை கிடையாது.

அப்புறம் கிருமி நீக்கம். பூசியதை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலத்தில் 121 டிகிரியில் வைத்தேன், மஞ்சளாகிச் சுருங்கிவிட்டது. காமா கதிர் வழக்கமாக 25 கிலோகிரே கொடுப்பார்கள், அது சங்கிலியை அறுக்கிறது. எத்திலீன் ஆக்சைடு வாயு பரவாயில்லை. ஆனால் பூச்சு அதை உறிஞ்சிக்கொள்ளும், பல நாள் காற்றாட வைத்து வெளியேற்ற வேண்டும்.

2 செப்டம்பர்

என் பழைய வேலையைப் பற்றி ஒன்று மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பூசிய துண்டை உடல்திரவம் போன்ற உப்புக்கரைசலில் போட்டு, உலோகம் அரிக்கும் வேகத்தைக் காட்டும் அரிப்பு மின்னோட்டத்தை அளந்தேன். பூசாத துண்டை விடப் பல மடங்கு குறைவு. அதையே தலைப்புச் செய்தியாக எழுதினேன். எவ்வளவு நேரம் ஊறவைத்து அளந்தேன்? ஒரு மணி நேரம். எலும்பு கூடுவதற்கு மாசக்கணக்காகும்.

பிறகு அதே துண்டுகளை 37 டிகிரியில் 14 நாள் விட்டு அளந்தேன். பூச்சு தண்ணீர் குடித்து ஊறிய ஜவ்வரிசி மாதிரி உப்பியிருந்தது. ஓரங்களில் உரிந்து, உள்ளே உப்புத்தண்ணீர் தேங்கியிருந்தது. அங்கேதான் முதல் குழி விழுந்தது. பூசாத துண்டில் அந்த இடத்தில் குழி இல்லை. பூச்சே ஓர் இடுக்கை உண்டாக்கிவிட்டது. அம்மாவின் ஸ்க்ரூ தலைக்கு அடியில் நடந்த அதே விஷயம். இந்த 14 நாள் கணக்கையும் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாகச் சேர்த்தேன். ஆனால் ஒரு மணி நேரக் கட்டுரைதான் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அது எனக்கு வருத்தம்.

5 செப்டம்பர்

மெக்னீசியம் பற்றிக் கேட்டவருக்கு: மெக்னீசியம் ஸ்க்ரூ உடம்பிலேயே கரைந்துவிடும், திரும்பக் கழற்ற வேண்டாம், அந்த வகையில் அருமையான யோசனை. ஆனால் 1 கிராம் கரைந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் ஹைட்ரஜன் வரும். மெதுவாக வந்தால் உடம்பு உள்வாங்கிக்கொள்ளும், வேகமாக வந்தால் தோலுக்கடியில் வாயுப்பை. எனவே பூச்சு அங்கேதான் உண்மையிலேயே தேவை. சிக்கல் என்னவென்றால் கைட்டோசான் இருப்பது அமிலத்தில், மெக்னீசியத்தை அதில் முக்கினால் பூச்சு படிவதற்கு முன்னாலேயே உலோகம் நுரைத்துக் கரையத் தொடங்கும். முதலில் வேறொரு கனிம அடுக்கு போட்டுவிட்டுத்தான் இதைப் பூச வேண்டும்.

17 செப்டம்பர்

ஒட்டுவதைப் பற்றி நல்ல செய்தியும் எழுதுகிறேன், வெறும் குறையாகவே எழுதினால் நியாயமில்லை.

கடற்பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைக் கையால் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அலை அடிக்க அடிக்க அது ஈரத்திலேயே ஒட்டுகிறது. அதன் ஒட்டுப் புரதத்தில் கேட்டெக்கால் என்ற தொகுதி நிறைய. 2007-ல் அமெரிக்காவில் மெஸ்ஸர்ஸ்மித் குழு, அதே தொகுதி உள்ள டோப்பமீனை பிஎச் 8.5 கரைசலில் கரைத்து எந்தப் பொருளை முக்கினாலும் மேலே மெல்லிய படலம் கட்டுகிறது என்று காட்டியது. நானும் செய்தேன். காலையில் தெளிவாக இருந்த பீக்கர் சாயங்காலம் டிக்காஷன் நிறம். அந்தப் படலத்தின் மேல் கைட்டோசான் பூசினால் 14 நாளிலும் ஓரம் உரிவது வெகுவாகக் குறைந்தது.

ஜெனிப்பினும் நல்ல உதவி. கார்டினியா பழத்திலிருந்து எடுப்பது. கைட்டோசான் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட குளூட்டரால்டிஹைடு பயன்படுத்துவார்கள், அது செல்களுக்கு விஷம். ஜெனிப்பின் அந்த வேலையை மெதுவாக, பாதிப்பு மிகக் குறைவாகச் செய்யும். பால் ஏடு ஒரே ராத்திரியில் பேனா மை நீலமாகிவிடும். உப்புவது குறையும், கொஞ்சம் நொறுங்கும் தன்மை வரும்.

18 செப்டம்பர்

இதற்கும் தலைப்புக்கும் தூரம்தான், ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. மின்சாரத்தால் இப்படிப் படியவைக்கும் மின்படிவு என்பதை முதலில் கண்ணால் பார்த்தது காரைக்குடியில், கல்லூரியிலிருந்து கூட்டிப்போனபோது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் ஆய்வகம், 1948-ல் அடிக்கல் நாட்டியது. ஒரு சின்னத் தகடு கண்ணெதிரே நிறம் மாறியதைப் பார்த்து நின்றது நினைவிருக்கிறது. பஸ் கிளம்புகிறது என்று கூப்பிட்டும் நகரவில்லை.

26 நவம்பர்

இரண்டு மாசமாக ஒன்றும் எழுதவில்லை. படித்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் 9 குறிப்பில் எழுதியதை இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன்.

நான் நாலு வருஷமும் கேட்டது "எப்படி நிரந்தரமாக ஒட்டவைப்பது" என்று. இத்தாலியில் ஒரு குழு அதை விட்டுவிட்டது. உடம்பிலேயே இருக்கும் இயற்கைப் பாலிமரான ஹயலுரோனிக் அமிலத்தைப் பாலிலாக்டிக் அமிலத்தோடு இணைத்து ஒரு கூழ். ஆபரேஷன் டேபிளில் வைத்தே அதில் ஆன்டிபயாடிக் கலந்து, செயற்கை மூட்டின் மேல் தடவி, அப்படியே உள்ளே வைத்துவிடுகிறார்கள். சுமார் மூன்று நாளில் கரைந்து போய்விடும். 2016-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் மூட்டு மாற்றிய 380 பேர். கூழ் தடவாதவர்களில் 6 சதவீதத்தினருக்குத் தொற்று, தடவியவர்களில் 0.6 சதவீதம். அடுத்த வருஷம் எலும்பு முறிவுக்குப் பிளேட், கம்பி வைத்த 256 பேரிடம் பார்த்தார்கள். தடவாதவர்களில் 4.6 சதவீதம், தடவியவர்களில் ஒருவருக்கும் இல்லை.

கிரிஸ்டினா சொன்ன பந்தயத்தில் முதல் சில மணி நேரமும் முதல் சில நாளும்தான் முக்கியம். அந்த நேரத்துக்கு மட்டும் இருந்தால் போதுமென்றால் உப்பினால் என்ன, உரிந்தால் என்ன? கிருமி நீக்கத் தலைவலியும் குறையும், கூழும் உலோகமும் தனித்தனியாக வருவதால். கொல்லும் வேலையை ஆன்டிபயாடிக் செய்கிறது, இயற்கைப் பாலிமர் அதைச் சுமந்து கொடுத்துவிட்டு விலகிவிடுகிறது. கைட்டோசானையே கொல்லச் சொன்னதும், அதுவே காலத்துக்கும் நிற்க வேண்டும் என்று நினைத்ததும் நான் அதன் தலையில் ஏற்றிய சுமை.

ஆனாலும் முழுசாகக் கட்சி மாறவில்லை. ஏழாவது மாசம் வந்த அம்மாவின் சீழுக்கு மூன்று நாள் கூழ் பதில் சொல்லியிருக்குமா? முதல் நாளே உள்ளே போய் ஒளிந்திருந்த கிருமி என்றால் சொல்லியிருக்கும். பின்னால் ரத்தம் வழியாக வந்ததென்றால் சொல்லியிருக்காது.

27 நவம்பர்

நிரந்தரமாக நின்ற உதாரணமே இல்லையா என்று கேட்டவருக்கு: இருக்கிறது, இதயத்தில். 1990-களில் பெனெஸ்டென்ட்-2 ஆய்வில் ஹெப்பாரின் பூசிய எஃகு ஸ்டென்ட்களை வைத்தார்கள். ஹெப்பாரின், ரத்தம் உறையாமல் தடுக்கும், பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் இயற்கைப் பாலிமர். வெறுமனே தடவாமல், அடியில் ஒரு அடுக்கு போட்டு, வேதிப் பிணைப்பால் ஒரு முனையைக் கட்டியிருந்தார்கள். ஆனால் ஸ்டென்ட் விரிகிறது, எலும்பில் முறுகுவதில்லை. அது பெரிய சலுகை.

14 ஜனவரி 2024

பிஎச்டி தொடங்கியிருக்கும் தம்பிக்கு. கேட்டதால் சொல்கிறேன்.

ஸ்க்ரூ சோதனையை முதல் மாசமே செய்துவிடு, மூணாம் வருஷத்துக்கு வைக்காதே. எலும்பை வேகவைக்காதே, உறைபெட்டியில் ஈரத்துணி சுற்றி வை. எமரி தேய்த்த பிறகு துண்டை விரலால் தொடாதே, விரல் எண்ணெய் இருக்கும் இடத்தில் பூச்சு கண்டிப்பாக உரியும். அமிலம் மட்டும் வைத்த தட்டு இல்லாமல் கிருமிச் சோதனைப் படம் எடுக்காதே. 14 நாள் முடியாமல் அரிப்புக் கணக்கை யாருக்கும் காட்டாதே, வழிகாட்டி அவசரப்படுத்தினாலும்.

ஜெனிப்பின் சேர்த்துப் பார். பூச்சு நீலமாக இருப்பதால் எங்கே நின்றது, எங்கே போனது என்று கண்ணாலேயே தெரியும். எனக்கு இது கடைசி வருஷத்தில்தான் தோன்றியது.

3 மார்ச் 2024

தம்பி, படம் பார்த்தேன். சுத்தமாக எடுத்திருக்கிறாய். மரைக்குழிகளில் நீலம் அப்படியே நிற்கிறது, முகடுகளில் மட்டும் எஃகு. என்னுடையதில் குழியிலும் பாதிதான் நின்றது, டோப்பமீன் அடுக்கு உனக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது.

தலைக்கு அடியில், பிளேட்டில் உட்காரும் இடம், இந்தப் படத்தில் தெரியவில்லை. ஸ்க்ரூவைக் கவிழ்த்து வைத்து இன்னொரு படம் எடுத்துப் போடு.